ரப்பர் செருப்பும் மஞ்சள் தண்ணியும்

போன வாரம் பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாணம். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பாலியஸ்டர் சட்டை சரசரக்க எழுந்து, இரும்புக் கதவைத் தொட்டேன். விரலில் சுளீரென்று அடித்தது. மச்சினன் மகன் சிரித்தான்: "என்ன மாமா, ஒடம்புல பேயி கீயி ஏறிருச்சா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். நான் கத்திய கத்தலில் பாவம், அரண்டு போனான். அந்த மண்டபம் நிற்கிற இடத்தில்தான் நான் வேலை பார்த்த நூல் மில் இருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மில் என்றதும் எனக்கு முதலில் வருவது வாடைதான். காய்ந்த எண்ணெயும் பஞ்சுத்தூசியும் சேர்ந்த வாடை. தூக்குவாளிச் சோற்றில்கூட அடிக்கும். மிஷினுக்கு எண்ணெய் விடுவது என் வேலை. நூல் சுற்றும் பகுதியில் ஜெயமங்கலத்துப் பேச்சியம்மாள் நின்றாள். புருஷன் இல்லை; ரெண்டு பெண் பிள்ளைகளுக்கும் அந்த மில் வேலைதான் கஞ்சி.

பாலியஸ்டர் நூல் ஓட ஆரம்பித்த வருஷம், பங்குனி வெயில். காற்றை ஈரமாக வைத்திருக்கிற மிஷின் கெட்டுக் கிடந்தது. பார்க்கலாம், பார்க்கலாம் என்றே ஓட்டினார்கள். பேச்சியம்மாள் இரும்பைத் தொட்டால் பொறி பறந்தது. அவளைத் தொட்டவளுக்கும் சுளீர். மற்ற பெண்கள் வெறுங்கால். பித்தவெடிப்பு என்று இவள் மட்டும் ரப்பர் செருப்பு. அதை யார் கவனித்தார்கள்? பேய் என்றார்கள்.

மேஸ்திரி பூசாரியைக் கூட்டி வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி, அவள் தலையிலும் தரையிலும் மஞ்சள் தண்ணியைக் குடம் குடமாக ஊற்றினார்கள். அன்றைக்குப் பொறி இல்லை. மறுநாள் தரை காய்ந்தது, அவள் செருப்பு மாட்டினாள், திரும்பவும் சுளீர். போதாதா? பேய் இவளிடம்தான் இருக்கிறது என்று முடிவாகிவிட்டது.

வருஷங்கள் கழித்து என் மகளின் பள்ளிப் புத்தகத்தில் நிலைமின்சாரம் பற்றிய பக்கத்தைப் படித்தேன். நீங்களே கேளுங்கள். எல்லாப் பொருளும் அணுதான். அணுவின் நடுவே புரோட்டான், அதற்கு நேர் மின்னூட்டம், அது நகராது. சுற்றிலும் எலக்ட்ரான், அதற்கு எதிர் மின்னூட்டம். ரெண்டும் சமமாக இருக்கிறவரை ஒரு வம்பும் இல்லை. ரெண்டு பொருள் உரசினால் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும். இழந்தது நேராகும், வாங்கியது எதிராகும். பேச்சியம்மாள் கையில் பாலியஸ்டர் நூல் நாள் முழுக்க உரசியது. ஈரம் இருந்தால் அது அப்படியே கசிந்து தரைக்குப் போய்விடும். வறண்ட காற்றில், ரப்பர் செருப்பின் மேல் நிற்கிற உடம்பிலிருந்து எங்கே போகும்? அங்கனயே தேங்கிக் கிடந்து, இரும்பைத் தொட்டதும் பாயும். இவ்வளவுதான் ஐயா. மஞ்சள் தண்ணியில் மஞ்சளுக்கு வேலையே இல்லை. தண்ணிதான் வேலை செய்தது. காற்றை ஈரமாக்குகிற அந்த மிஷினைச் சரிபண்ணியிருந்தாலோ, செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தாலோ தீர்ந்தது.

புத்தகம் எதுவும் படிக்காமலே அவளும் சரியான இடத்தில்தான் கை வைத்தாள். "கொஞ்ச நாள் வீட்டுல இரு ஆத்தா, எறங்கட்டும்" என்று மேஸ்திரி சொன்னபோது, அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்: "எங்க வீட்டு அண்டாவத் தொட்டா அடிக்கலயேண்ணே. அப்ப பேயி மில்லுக்கு மட்டுந்தான் வேலைக்கு வருதா?"

சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. மேஸ்திரிக்கு வரவில்லை. அவளை உள்ளே விட வேண்டாம் என்று வாசல் காவலரிடம் சொல்லிவிட்டார். பேய் பிடித்தவள் மகள் என்று மூத்தவளுக்குப் பேசிய சம்பந்தமும் முறிந்து போனது.

இப்போது மில் இல்லை. மிஷின்கள் பழைய இரும்பாகி லாரியில் போயின. அந்த மேஸ்திரி இல்லை, பேச்சியம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கோபத்தை யாரிடம் காட்ட? பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜெயமங்கலம் என்றார். பேச்சியம்மாள் பிள்ளைகள் இப்போது எங்கன இருக்கிறார்கள் என்று விசாரித்தேன்.

"யாரு, அந்தப் பேய்க்காரி மக்களா?" என்றார், இலையிலிருந்து தலை நிமிராமல்.