நனைந்த விரலுக்கு வேலை செய்யாத செயலி

மென்பொருள் வேலைக்கு விண்ணப்பித்தபோது ஒரு பொய் எழுதினேன். காற்றின் வேகம் காட்டும் என் செயலியை எங்கள் சல்லிக் கிராமத்து மீனவர்கள் நாள்தோறும் பாவிக்கிறார்கள் என்று. உண்மையில் நாலைந்து பேரின் போனில் ஏற்றிக் கொடுத்ததோடு சரி. பிறகு ஒருவரிடமும் கேட்கவில்லை.

காணொளி நேர்காணலில் கொழும்பு அதிகாரி, "பாவிக்கிற ஒராளோட இப்ப கதைக்கலாமா?" என்றார். போனோடு கடற்கரைக்கு ஓடினேன். அந்த நாலைந்து பேரில் ஒருவரான சிவம் அண்ணை வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம், "நல்லதாச் சொல்லுங்கோ அண்ணை" என்று கிசுகிசுத்தேன்.

அவர் போனைப் பார்த்துச் சொன்னார்: "நனைஞ்ச கையால அமத்தினா ஒண்டும் வேலை செய்யாது, சேர். வெயிலுக்க எழுத்தும் தெரியாது. மூண்டு தரம் அழிக்கப் பாத்தனான்."

கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"பிறகேன் அழிக்கேல்லை?" என்றார் அதிகாரி.

"காத்தைச் சரியாச் சொல்லுதே. இஞ்ச எல்லாரும் எங்கட போனில அதைப் பாத்துத்தான் வள்ளம் இறக்கிறது."

அதிகாரி சிரித்தார். "இதை எப்படித் திருத்துவீங்கள், தங்கச்சி?" மணலில் நின்றபடியே மூச்சுவிடாமல் சொன்னேன். அந்த வாரமே வேலை கிடைத்தது.

பொய் என்று நினைத்து நான் எழுதிய வரி உண்மையாகவே இருந்திருக்கிறது. ஒரு நாளாவது கரைக்குப் போய்க் கேட்டிருந்தால், எனக்கும் அது தெரிந்திருக்கும்.