ஒரே பெயரில் இரண்டு எழுத்துரு

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் தேனி கடைவீதியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் எல்லாம் கணினியில்தான் தயாராகும். அனுமந்தன்பட்டியில் இருந்து வரும் அக்கா ஒருவர் தட்டச்சு செய்வார். பக்கம் அமைப்பதும், கணினி மக்கர் செய்தால் பார்ப்பதும் என் வேலை.

ஒருநாள் ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் வந்தார். அவர்கள் சபையின் பாட்டுப் புத்தகத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம்தான் அச்சடித்திருந்தார்கள். புதுப் பாட்டுகள் சிலவற்றைச் சேர்த்து மறுபடி அடிக்க வேண்டும். பழைய கோப்பைத் திறந்து நாலைந்து பக்கம் அச்செடுத்துக் கொடுத்தேன். வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏம்மா, 'தொழுவோம்'ங்கிறது 'தொளுவோம்'னு கெடக்கு. இங்கன பாரு, 'எளுந்து'. சபையில என்னைய என்ன சொல்லுவாக?"

அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மிசினும் நம்ம ஊருப் பேச்சைப் படிச்சிருச்சு போல."

எங்கள் பக்கத்தில் ழகரம் நாக்கில் ளகரமாகத்தான் வரும். அதனால் அப்போது தட்டச்சு செய்த யாரோ பேசுகிறபடியே அடித்துவிட்டார்கள் என்று முதலாளி முடிவு கட்டினார். ஆனால் நர்சம்மா கைப்பையில் இருந்து எடுத்த பழைய புத்தகத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அதோடு இன்னொரு பக்கத்தில் 'கேழுங்கள்' என்று இருந்தது. எந்த ஊர்க்காரரும் அப்படிச் சொல்ல மாட்டார். கோப்பை யாரும் தொடவில்லை. பின்னே எழுத்து எப்படி மாறியது? அந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை.

சில மாதங்களுக்கு முன் எழுத்துரு விற்பவர் புதிய பதிப்பு ஒன்றைக் கொடுத்துப் போயிருந்தார். பழையதன் மேலேயே அதைப் போட்டிருந்தோம். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. முதல் பதிப்பின் சிடியைத் தேடிப் பிடித்து, இரண்டிலும் உள்ள எழுத்துகளை வரிசையாக அச்செடுத்து அருகருகே வைத்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. 'ழு'வும் 'ளு'வும் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. கோப்பில் இருப்பது எழுத்தல்ல, அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் எண் மட்டுமே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழசையே திரும்பப் போட்டுரு," என்றார் முதலாளி.

போட்டேன். பாட்டுப் புத்தகம் சரியானது. அன்று சாயங்காலம் அச்சுக்குப் போக இருந்த குச்சனூர் கோயில் நோட்டீஸில் சுவாமி 'எளுந்தருழுவார்' என்று வந்து நின்றது. அது புதிய பதிப்பில் செய்த வேலை. ஒரே பெயர் என்பதால் இரண்டையும் ஒன்றாக வைக்கவும் வழியில்லை.

அந்தக் காலத்து விண்டோஸ் எழும்பும் முன், அதற்கு அடியில் இருக்கும் டாஸ் என்ற பழைய இயங்குதளம் கொஞ்ச நேரம் கறுப்புத் திரையைக் காட்டும். அங்கே ஒரு கேள்வி கேட்க வைத்தேன்: ஒன்று பழையது, இரண்டு புதியது. எந்த எண்ணைத் தட்டுகிறோமோ அந்த எழுத்துருவும் விசைப்பலகை அமைப்பும் உள்ளே போகும். பிறகு விண்டோஸ் எழும்பும். ஒவ்வொரு வேலையின் கோப்புறைக்கும் அது எந்தப் பதிப்பில் செய்தது என்று பெயரிலேயே சேர்த்தேன்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "வேலை மாறி வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர அணைச்சு அணைச்சுப் போடணுமா? எத்தனை நாளைக்கு இந்தப் பழசைக் கட்டி அழுகிறது?"

நியாயமான கேள்வி. பழைய பதிப்பை எப்போது தூக்கிப் போடலாம்? அதை நம்பி இருக்கும் கடைசி வேலையும் புதியதற்கு மாறிய பிறகுதான். அப்படியானால் மாற்றிப் பார்ப்போமே என்று பாட்டுப் புத்தகத்தில் தொடங்கினேன். 'ழு' எல்லாவற்றையும் 'ளு' ஆக்கினால் ஏற்கெனவே இருந்த 'ளு'வோடு கலந்துவிடும். முதல் முயற்சியில் அப்படித்தான் பிரதி ஒன்று பாழானது. பிறகு 'ழு' இருந்த இடங்களில் நட்சத்திரக் குறி போட்டு, 'ளு'வை நகர்த்தி, கடைசியில் நட்சத்திரங்களை மாற்றினேன்.

சரிபார்க்க நர்சம்மா வந்தார். படிக்கவில்லை, முதல் பாட்டில் இருந்து பாடவே தொடங்கிவிட்டார். அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு முதலாளி வாசலில் வந்து நின்றார். குச்சனூர் நோட்டீஸ் வாங்க வந்தவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். ஓரிடத்தில் நர்சம்மா நிறுத்தி, "இது எழுத்துத் தப்பில்ல, எனக்கு ராகம் தப்பிருச்சு," என்று சிரித்தார்.

மற்ற வேலைகளையும் ஒவ்வொன்றாக மாற்ற மழைக்காலம் முழுவதும் ஆனது. ஒருநாள் காலை, கறுப்புத் திரையின் கேள்வியை எடுத்துவிட்டேன். கணினி எதுவும் கேட்காமல் எழும்பியதைப் பார்த்து அக்கா கைதட்டினார்.

அடுத்த ஆண்டு முதலாளி புதுக் கணினி வாங்கினார். அதில் கறுப்புத் திரையே வரவில்லை. மாற்றி வைத்திருந்த பாட்டுப் புத்தகக் கோப்பை அதில் போட்டு, இங்கே எந்த எழுத்து இடம் மாறுகிறது என்று பார்க்க நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.