மழை நாளில் மட்டும் புத்திசாலி

எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனாலும், ஞானமணி டீச்சர் முதல் நாளே தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துச் சுவரில் ஒட்டிவிடுவாள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தள்ளி நிற்கவைத்து, "என்ன தேதி?" என்பாள். அந்தப் பழக்கம் அன்னவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவளுக்குத் தொற்றிக்கொண்டது.

அங்கே பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஏன் டீச்சர்'. எதையும் ஏன் என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆவூரில் சிறுபிள்ளையாக இருந்தபோதே மாதா கோவில் ஞானோபதேச வகுப்பில் ஏன், ஏன் என்று கேட்டுக் குட்டு வாங்கியவள். நல்லவேளை, திருந்தவில்லை.

அறுபதாம் வருஷம் அவளை ஆட்டிவைத்த கேள்வி மூன்றாம் வகுப்புச் செவந்தி. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியர் ஆத்மநாதன் இடம் மாற்றுவார். மார்க்கு வாங்கியவர்கள் கரும்பலகைக்கு முன்னால், வாங்காதவர்கள் பின்னால். வெட்கப்பட்டாவது படிப்பார்கள் என்பது அவர் எண்ணம். செவந்தி ஒவ்வொரு பரீட்சைக்கும் பின்னுக்குப் போய்ப் போய், கடைசியில் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

வாய்க்கணக்கில் அவளை யாரும் முந்த முடியாது. பலகையில் எழுதிப் போட்டாலோ சிலேட்டில் கோழி கிளறியது போல எதையாவது கிறுக்கி வைப்பாள். ஆனால் என்றைக்காவது ஒருநாள் பலகைக் கணக்கையும் பிசகில்லாமல் போட்டு நீட்டுவாள். அது எந்த நாள் என்று யோசித்துப் பார்த்த ஞானமணிக்குச் சிரிப்பு வந்தது. மழை பெய்கிற நாள்.

"போன பொறவியில தவளையா இருந்திருப்பா டீச்சர்," என்றார் ஆத்மநாதன். "நம்ம சீமையில மழை பேஞ்சு, இவ பாஸாகி... நடக்கிற கதையா?"

இதற்கிடையில் செவந்தியின் அப்பன் வீரய்யா வந்து நின்றான்.

"இதுக்குப் படிப்பு ஏறலைங்க டீச்சர். ஆடு மேய்க்கவாச்சும் ஆகட்டும். நாளையிலேருந்து வர மாட்டா."

"ஒரு மழை பெய்யட்டும் வீரய்யா. அதுவரைக்கும் பொறுங்க."

"மழைக்கும் படிப்புக்கும் என்னங்க?"

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்."

வீரய்யா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் சரியென்று போனான்.

ஐப்பசி ஏமாற்றவில்லை. வகுப்பு நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஞானமணி வாசலில் நின்று செவந்தியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பின்பக்கத்து ஓடு ஒழுகியது. பின்வரிசைப் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். செவந்தி பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பலகையில் இருந்த கணக்கைப் பிசகில்லாமல் போட்டாள்.

"அட, ஆண்டவரே!" என்றாள் ஞானமணி. பிறகு செவந்தியின் பக்கத்தில் குனிந்து கேட்டாள். "பின்னால இருந்தா பலகையில என்ன தெரியும்?"

"கறுப்பு தெரியும் டீச்சர்."

"எழுத்து?"

"அது முன்னால ஒக்காந்தாத்தானே தெரியும்? மார்க்கு வாங்குனாத்தானே முன்னால விடுவாங்க?"

எழுத்துத் தெரிவதே மார்க்குக்குக் கிடைக்கிற பரிசு என்று அந்தப் பிள்ளை இத்தனை நாளும் நம்பியிருக்கிறது.

மறுநாள் வீரய்யாவுக்கு ஆள் அனுப்பினாள். பள்ளிக்கூடச் சுவரில் காலண்டர் தாளை ஒட்டி, அப்பனையும் மகளையும் முற்றத்து வேம்படியில் நிறுத்தினாள்.

"செவந்தி, என்ன தேதி?"

"தாளுதான் தெரியுது டீச்சர்."

"பாத்தீங்களா வீரய்யா? புள்ளைக்குக் கண்ணுதான் கோளாறு. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில காட்டிக் கண்ணாடி போட்டாச் சரியாப் போயிரும்."

வீரய்யா சிரித்தான். "நல்லாச் சொன்னீங்க போங்க. இங்கிட்டு இருந்து பாத்தா யாருக்குத்தான் தெரியும்?"

ஞானமணி அவனையே பார்த்தாள். "எனக்குத் தெரியுதே. பதினேழு."

பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் "பதினேழு, பதினேழு" என்று கத்தினார்கள். வீரய்யா நம்பவில்லை. சுவர்வரைக்கும் நடந்துபோய், மூக்கு உரசுகிற மாதிரி நின்று பார்த்தான். பதினேழுதான்.

"நானும் மூணாப்பு வரைக்கும் வந்தேங்க," என்றான் சுவரைப் பார்த்தபடியே. "கடைசியிலதான் ஒக்கார வச்சாங்க. மக்குன்னு சொல்லி எங்கய்யா ஆடு மேய்க்கக் கூட்டிப் போயிட்டாரு." பிறகு மெல்லத் திரும்பினான். "அப்ப, நான் மக்கு இல்லீங்களா டீச்சர்?"

"இல்லீங்க வீரய்யா," என்றாள்.

வீரய்யா மகள் கையிலிருந்த சிலேட்டை வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போனான். ஆத்மநாதன் ஒதுங்கி வழிவிட்டார். பலகைக்கு நேர் முன்னால் சிலேட்டை வைத்துவிட்டு, பின்னாலேயே வந்த மகளிடம், "இங்க ஒக்காரு ஆத்தா," என்றான்.