ஓடுகிறது என்று சொல்லப் போனவள்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு குக்கரைச் சோதித்தது. கழன்று ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிக்குச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பாத்திர ரிப்பேர்காரர் புதுத் திருகு போட்டுக் கொடுத்திருந்தார். மூடிக்குப் புது ரப்பர் வளையமும் போட்டிருந்தார். அது வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மா பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். நான் ஒரு கண்ணாடித் துண்டை மூடியின் விளிம்பைச் சுற்றிப் பிடித்து, எங்காவது ஆவி படிகிறதா என்று பார்த்தேன். தொழிற்சாலையிலும் எனக்கு அதே மாதிரி வேலைதான். பாய்லர்களின் பாதுகாப்பு வால்வுகளைச் சோதிப்பேன்.

"என்னடி, பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்."

"அப்ப நாளைக்கு அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"என்னன்னு?"

"குக்கர் நல்லா இருக்குன்னு."

"அதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போவியா? போன்ல சொல்லும்மா."

"ரிப்பேர் கடைக்குப் போன் வந்தாலே அவங்களுக்கு வயித்தைக் கலக்கும். நேர்ல போய்ச் சிரிச்சுக்கிட்டே நின்னாதான் நம்புவாங்க."

அடுத்த நாள் அவள் போகவில்லை. அன்று மதியம் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் செத்துப்போனாள்.

அம்மா குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், ஓய்வு பெறும்போதுதான் எழுந்தாள். தண்ணீர் வரவில்லை, வந்தால் நாற்றம், குழாய் உடைந்து தெருவே குளம். ஊரே அவள் முகத்தைப் பார்த்துக் கத்தியது. ஒருமுறை ஒருவர் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து ஜன்னலில் 'டக்'கென்று வைத்து, "குடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்" என்றார். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "நானா இருந்தா பாட்டிலை உடைச்சே இருப்பேன். நீங்க நல்ல மனுஷன். உட்காருங்க" என்றாள்.

பிறகு ஒரு நாள் அதே மனிதர் மறுபடியும் வந்தார். அம்மா அடுத்த பாட்டிலுக்குத் தயாராக இருந்தாள். அவர் கையில் எதுவும் இல்லை. "தண்ணி இப்ப நல்லா வருதுங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உள்ளே போய் மற்றவர்களைக் கூட்டிவந்து அவரைக் காட்டினாளாம், சர்க்கஸ் யானையைக் காட்டுகிற மாதிரி. அன்று இரவு சாப்பிடும்போது திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "பஸ் ஏறி வந்திருக்கார்டி. இதைச் சொல்றதுக்கு மட்டும்."

அதிலிருந்துதான் அந்தப் பழக்கம். எது ரிப்பேருக்குப் போய் வந்தாலும் ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்ப்பாள். ஓடினால், சரி செய்தவரிடம் நேரில் போய் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வருவாள். குடை தைத்தவரிடம் நல்ல மழை நாளாகப் பார்த்து அந்தக் குடையையே பிடித்துக்கொண்டு போனாள். ரவிக்கை தைத்துக் கொடுத்த தையல்காரர் அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் கடைக்குள் ஒளிந்துகொண்டாராம், அளவு தப்பிவிட்டது என்று சண்டைக்கு வருகிறாள் என நினைத்து. ஒருமுறை இருமல் நின்றதைச் சொல்ல டாக்டரிடமே போனாள். வாசலில் இருந்த பெண், "என்ன தொந்தரவு?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லைங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்." "ஒண்ணும் இல்லைன்னாலும் டோக்கன் எடுத்துட்டுத்தான் உட்காரணும்." டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபேன் ரிப்பேர்காரர் அவளுக்கு 'ஓடுதக்கா' என்று பெயர் வைத்தார். அது கடை கடையாகப் பரவியது. அவளுக்கு அதில் பெருமை.

வாசிப்பவர்களுக்கு இது இனிக்கும். எனக்கு இனிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்டின் மூன்றாவது மாடிக் கதவுப் பூட்டில் ஒரு சிறிய மின்தொடர்பு உண்டு. கதவு சரியாக மூடியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்வது அதுதான். அது தேய்ந்துவிட்டால், மூடிய கதவையும் திறந்திருப்பதாக நினைத்து லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும். எங்கள் பூட்டு தேய்ந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த லிஃப்ட்காரர், பூட்டையே மாற்ற வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொன்னார். "அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்றார் செயலாளர். மாற்றும்வரை லிஃப்டை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. லிஃப்ட்காரர் 'இயங்காது' என்று எழுதிய பலகையும் கையுமாகத்தான் நின்றார். அம்மாதான் கெடுத்தாள்.

"தம்பி, நாலாவது மாடியில ஒருத்தர் டயாலிசிஸுக்குப் போய்ட்டு வர்றார். படியில எப்படி ஏறுவார்? எதையாவது பண்ணி ஓட விடுப்பா."

அவர் பூட்டின் தொடர்பை உப்புத்தாளால் தேய்த்தார். லிஃப்ட் ஓடியது. ஒரு வாரம் கழித்து அம்மா அவருடைய பணிமனைக்குப் போய், ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு மறுபடி நின்றது, மறுபடி தேய்த்தார், மறுபடி போனாள். இப்படியே மாதங்கள் ஓடின. அம்மாவின் ஒவ்வொரு நன்றியும் அந்தச் செத்த பூட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் கொடுத்தது. லிஃப்டை அன்றே நிறுத்தியிருந்தால் ஐந்து மாடிக்காரர்களும் செயலாளரின் கதவை உடைத்திருப்பார்கள். பூட்டு இரண்டே நாளில் வந்திருக்கும்.

அவள் சிக்கிக்கொண்ட அன்று எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. அதன் பேட்டரியும் செத்திருந்தது. உள்ளே மின்விசிறியும் நின்றுவிட்டது. அம்மாவுக்கு ஏற்கெனவே இதயத்தில் அடைப்பு. மாத்திரை மேலே வீட்டில் இருந்தது. நான் தொழிற்சாலையில் இருந்தேன்; அவள் தன் போனில் லிஃப்ட்காரரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நாலாவது மாடிக்காரரின் மனைவி மாடிப்படியில் இறங்கும்போது குரல் கேட்டு, "அக்கா, உள்ளயா இருக்கீங்க? யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "தம்பி வந்துட்டு இருக்கான். நீ போய் உன் வேலையைப் பாரு, வீட்ல அவர் தனியா இருப்பார்" என்று பதில் வந்திருக்கிறது. லிஃப்ட்காரர் வந்து கதவைத் திறந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இல்லை.

வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு நான் எந்த வால்வையும் பாஸ் செய்ததில்லை.

துக்கம் விசாரிக்க வந்த செயலாளர் சோபாவில் அம்மா உட்காரும் மூலையிலேயே உட்கார்ந்தார்.

"அம்மா மாதிரி இன்னொருத்தர் பொறந்துதான் வரணும். வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்ல. நீயும் அப்படி இருக்கப் பழகும்மா. தினம் காலையில எழுந்ததும் மூணு நல்ல விஷயத்துக்கு நன்றி சொல்லு. மனசு லேசாயிடும்."

அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

"அப்புறம், அந்த லிஃப்ட்காரன். போன் பண்ணி எவ்வளவு நேரம் கழிச்சு வந்திருக்கான் பாரு. கம்பெனி மேனேஜரைக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். நீ படிச்ச பொண்ணு, மெஷின் தெரிஞ்சவ. அவன் லேட்டா வந்ததாலதான்னு ஒரு வார்த்தை சொல்லு. அவனை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"பூட்டு?"

"எந்தப் பூட்டு?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஒருவனுடைய வேலை என் நாக்கின் நுனியில் இருந்தது. தள்ளிவிட்டால் போதும். தள்ளுவதற்கு முன் அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்று பணிமனைக்குப் போனேன்.

தகரக் கொட்டகை. கம்பிவடச் சுருள்கள், கிரீஸ் வாடை. அவர் ஒரு சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கக்கா. அம்மா இதுலதான் உட்காருவாங்க."

"நான் உட்கார வரல. அம்மா போன் பண்ணப்ப எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"சாப்பிட்டுட்டு இருந்தேன்."

அதை அவர் மறைக்கக்கூட முயலவில்லை.

"போனை எடுத்ததுமே, 'தம்பி, சாப்டியா?'ன்னுதான் கேட்டாங்க. இப்பதான்மா டப்பாவைத் திறந்தேன்னு சொன்னேன். 'ஒண்ணும் அவசரமில்ல, நிதானமா சாப்பிட்டுட்டு வா. நான் லிஃப்டுக்குள்ள கீழ உட்கார்ந்துட்டேன், நல்லாத்தான் இருக்கு'ன்னாங்க."

"நீங்களும் சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டேங்க்கா. கையைக் கழுவிட்டுத்தான் வந்தேன்."

"எங்கம்மாவுக்குப் பதிலா செயலாளர் மாட்டியிருந்தா?"

அவர் யோசித்தார். பொய் சொல்வதற்காக யோசிக்கவில்லை, கணக்குப் பார்ப்பது போல யோசித்தார்.

"கத்தியிருப்பாரு. டப்பாவை அப்படியே போட்டுட்டு ஓடியிருப்பேன்."

"அப்ப கத்துறவங்களுக்கு முதல்ல ஓடுவீங்க. உங்களைத் தேடி வந்து நல்லா இருக்குன்னு சொன்னவங்க கடைசி."

"இத்தனை வருஷத்துல அப்படி வந்து சொன்னது அம்மா ஒருத்தர்தான்க்கா."

"அதுக்குத்தான் அவங்களுக்கு இந்த மரியாதையா?"

என் குரல் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. பக்கத்தில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் தலையைக் குனியவில்லை. "கூட்டத்துல சொல்லுங்கக்கா. நான் மறுக்க மாட்டேன்" என்றார். ஸ்டூல் எங்களுக்கு நடுவில் காலியாகக் கிடந்தது. அதை ஓர் உதை உதைத்துவிட்டு வெளியே வந்தேன். கால் வலித்தது. உதைத்தது யாரை என்று தெரியவில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தவளையாகவும் இருக்கலாம்.

கூட்டம் கார்கள் நிற்கும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. மேனேஜர் வந்திருந்தார். லிஃப்ட்காரர் தூணோரம் நின்றார். செயலாளர் அம்மாவைப் பற்றித் உருக்கமாகப் பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து, சோதனை முடிவு சொல்வது போலச் சொன்னேன்.

"தேய்ஞ்ச பூட்டை உப்புத்தாள் போட்டு ஓட்டினது லிஃப்ட்காரர் தப்பு. போன் வந்ததும் கிளம்பாததும் அவர் தப்பு. ஓட்டச் சொன்னது எங்கம்மா. மெதுவா வரச் சொன்னதும் எங்கம்மா. பூட்டை மாத்தணும்னு சொல்லியும் ஆறு மாசமா வாங்காதவர் செயலாளர். மணிக்குப் பேட்டரி போடாததும் அவர்தான். இதுல ஒருத்தரை மட்டும் வெளியே அனுப்பிட்டு மத்ததை மூடினீங்கன்னா, இந்தப் பூட்டு விவகாரத்தை நான் மேல எடுத்துட்டுப் போவேன்."

"என்னம்மா இது? அம்மா இருந்தா இப்படிப் பேசியிருப்பாங்களா?" என்றார் செயலாளர்.

"பேசியிருக்க மாட்டாங்க. அதனாலதான் இப்ப இல்ல."

அப்போது நாலாவது மாடிக்காரரின் மனைவி எழுந்து செயலாளரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். நன்றாகக் கத்தினார். எத்தனை மாதத்துக் கத்தலோ, எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

அந்த வாரமே புதுப் பூட்டு வந்தது. லிஃப்ட்காரரின் வேலை போகவில்லை. வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். செயலாளர் இன்னும் செயலாளர்தான், அந்தப் பதவிக்கு வேறு யாரும் வரத் தயாராக இல்லை. நான் சொன்னதால் ஒருவன் தப்பினான் என்று என்னிடமே சிலர் பாராட்டினார்கள். அவனைத் தப்பவைக்க நான் பேசவில்லை. பழியை இருக்க வேண்டிய இடங்களில் வைத்தேன், அவ்வளவுதான். எஞ்சியிருக்கும் பங்கு அம்மாவுடையது. அவளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வழியில்லை. அதுதான் ஆத்திரம்.

பூட்டை மாற்றியவர் புது ஆள். லிஃப்ட் இப்போது குலுங்காமல் ஓடுவதாகச் சொல்கிறார்கள். அவரிடம் போய் யாரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. நான் படியில்தான் ஏறுகிறேன்.

குக்கர் தினமும் அடுப்பில் ஏறுகிறது. சந்தைக்குப் பின்னால் உள்ள கடைக்கு நான் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தம்வரை போய், கடைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்த முகத்தோடு போய் நின்றால், நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் திருப்புளியை எடுத்துவிடுவார். சிரித்துக்கொண்டே நின்றால்தான் நம்புவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

கைப்பிடி ஆடவில்லை. வளையம் கசியவில்லை. அவருக்கு இன்னும் அது தெரியாது.