ஈஜோக் சுவரில் ஒரு மலைக்கொடி

ஈஜோக்கைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். சாலைக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோளில் ஒரு துணிப்பை. திரும்பிப் பார்த்திருந்தால் அந்த வீட்டின் கூரை இன்னும் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. இடம் விட்டு இடம் போவது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து அதைத்தான் செய்துவருகிறேன். ஆனால் மனமில்லாமல் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டுக்கு நான் போனது சாயம் பூச. உள்ளே ஓர் அக்கா தனியாக இருந்தார். கிறிஸ்தவர். தோட்டத் தொழிலாளர்களின் லய வீட்டில் வளர்ந்தவர். லயத்தை இடித்த பிறகு கணவரோடு இங்கே வந்திருக்கிறார். கணவர் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரி ஓட்டியவர். கடைசியாக வந்தபோது ஒரு மைலோ டின்னில் ஒரு கொடியைக் கொண்டுவந்து சுவரோரம் நட்டிருக்கிறார். கொஞ்ச நாளில் நெஞ்சுவலியில் போய்விட்டார். கொடி ஏற வழியில்லாமல் தரையில் சுருண்டு கிடந்தது.

அது கிளெமாட்டிஸ். மலையில் ஒரு பூந்தோட்டத்தில் நான் கொஞ்ச காலம் வேலை செய்திருக்கிறேன், அதனால் தெரியும். குளிரில் வளர்வது. நம் சூட்டில் நிற்காது என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வச்சது, தம்பி. கூரையத் தொடற வரைக்கும் நீ இருந்து பாத்துக்கிறியா? பின்னால ரூம் சும்மாதான் கெடக்கு."

அப்படித்தான் தங்கினேன். பகலில் பக்கத்துச் செம்பனைக் காடுகளில் குலை வெட்டப் போவேன், மாலையில் கொடி.

மல்லிகைபோல இதன் தண்டு எதையும் சுற்றாது. இலைக்காம்புகள்தான் இதற்குக் கை. பென்சில் கனத்துக்கு மேல் எதையும் அந்தக் கையால் பிடிக்க முடியாது. கணவர் பருத்த மூங்கில் கழியை ஊன்றியிருந்தார், அதனால்தான் பிடிக்க முடியாமல் விழுந்திருந்தது. நான் பாசிர் பெனம்பாங்குக்குப் போய், மீனவர்கள் கழித்துப்போட்ட வலையில் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்தேன். சுவரில் கட்டைகள் அடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வலையை இழுத்துக் கட்டினேன். ஒட்டிக் கட்டினால் சுவரின் சூடு இலையைத் தீய்த்துவிடும். அடிப்பக்கம்தான் முக்கியம். தலை வெயிலில் இருக்கலாம், வேர் குளிர்ந்திருக்க வேண்டும். உடைந்த ஓடுகள், அவற்றின் மேல் தேங்காய் மட்டை, சுற்றிலும் நிழலுக்கு நாலைந்து பெரணிச் செடி. பார்ப்பதற்குக் குப்பை மேடுபோலத்தான் இருக்கும்.

கொடி பிடித்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசியதில்லை. அவர் முன்னறையில் தொலைக்காட்சி பார்ப்பார். பின்னறையில் எனக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். என்ன ஓடுகிறது என்று நானாக நினைத்துக்கொள்வேன். வேலை முடிந்து வரும்போது மேசையில் சோறு மூடியிருக்கும். எனக்காக யாரும் சோறு மூடிவைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கொடி ஆள் உயரத்தைத் தாண்டியபோது எனக்குக் கலக்கம் வந்தது. கூரையைத் தொட்டால் என் வேலை முடிந்தது. அதன்பிறகு நான் அங்கே யார்? தளிர்களை மேலே விடாமல் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்ட ஆரம்பித்தேன்.

"மேல போகவே காணோமே, தம்பி" என்றார் ஒருநாள்.

"படுக்கவச்சுக் கட்டினா நெறைய பூக்கும்க்கா."

அது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் கட்டவில்லை. அவர் கொஞ்ச நேரம் கொடியையும் என்னையும் பார்த்தார். "அப்படின்னா அப்படியே கட்டு. அவசரம் என்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஊதா நிறத்தில் பூத்தது. அக்கா நாற்காலியை வெளியே போட்டு உட்கார ஆரம்பித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுங்கை புரோங்கிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். நான் குலை வெட்டிவிட்டுத் திரும்பியபோது வீட்டைச் சுற்றி ஒரு புல் இல்லை. கொடியின் அடியில் மட்டை இல்லை, ஓடு இல்லை, பெரணி இல்லை. செம்பனை மரத்தடியில் களை வெட்டுவதுபோல அளவெடுத்த வட்டம். மண் ஈரமாக இருந்தது, களைமருந்து நாற்றம். மருந்தடிக்கும் பம்பு இன்னும் அண்ணன் முதுகில்தான் இருந்தது.

"என்னா தம்பி, குப்பையில செடி வளக்கிற? பாம்பு வந்து அடையும்லா. எங்க தோட்டமா இருந்தா கணக்கெழுதற கிராணி அன்னிக்குக் கூலிக்கு ஒனக்குப் பேரே போட்டிருக்க மாட்டாரு" என்று சிரித்தார்.

தங்கை வீட்டுக்கு நல்லது செய்த முகம் அது. மரத்தடியில் வட்டம் இல்லையென்றால் சோம்பேறித்தனம் என்று கண்ட மனிதர். நானும் அந்தப் பாடத்தில் வளர்ந்தவன்தான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவினேன், மேல்மண்ணை அள்ளி எறிந்தேன், ஈரச் சாக்கைப் போர்த்தினேன். எதற்கு இத்தனை பாடு என்று அவர் அக்காவிடம் கேட்டது காதில் விழுந்தது.

கொடி அடியிலிருந்து கறுத்துக்கொண்டே மேலே போனது. கூரை விளிம்பு வரை அது போகவில்லை, கறுப்புதான் நுனி வரை போனது. அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். காய்ந்த தண்டுகளை நான் ஒவ்வொன்றாக வலையிலிருந்து எடுத்தேன். காம்புகள் செத்த பிறகும் நூலை விடவில்லை. ஒவ்வொன்றாக ஒடிக்க வேண்டியிருந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே கட்ட என்னா இருக்கு, தம்பி" என்றார்.

கொடியைத்தான் சொன்னாரோ, என்னைச் சொன்னாரோ, இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. மறுநாள் மத்தியானம் பையை எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றார், சாப்பிட்டேன். எங்கே போகிறாய் என்று கேட்டார். கோலசிலாங்கூர்ப் பக்கம் என்றேன். தலையாட்டினார். அவ்வளவுதான்.

சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி நின்று என்னை ஏற்றிக்கொண்டது. கோலசிலாங்கூரில் இறங்கி, இரவு பஸ் நிலையத்தில் படுத்து எழுந்தேன். காலையில் ஆற்றோரத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, ஆள் தேவை என்று அட்டை மாட்டியிருந்தது. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்திரம் கழுவற வேல. எத்தனை நாளுக்கு இருப்பே? வர்றவன்லாம் ஒரு மாசத்துல ஓடிர்றான்."

வேலை எப்போது முடியும் என்று நான் கேட்டேன். அவர் அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டினார். "அது எங்கே முடியுது லா. கழுவக் கழுவ வந்துக்கிட்டே இருக்கும்."

சரி என்று சொல்லி, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.