இரும்பு தின்ற காற்று

பத்திரிகைத் தொழிலில் பொய் எழுதியவன் எப்படியோ தப்பிவிடுவான்; உண்மையை வரிசைப்படி எழுதியவன்தான் அகப்படுவான். கட்டுரை எழுதி வாசகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் ஒரு தமிழ் வார இதழின் துணை ஆசிரியனாக இருந்தேன். என் பங்குக்கு வந்தது இரசாயனம் வளர்ந்த கதையைச் சொல்லும் வாரத் தொடர்.

தொடங்கிய இடம்

என் மேசை மேல்மாடியில், வாவியைப் பார்த்தபடி இருந்தது. காலையில் பனி இறங்கினால் தண்ணீர் எது, காற்று எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உலகம் முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று பழைய கிரேக்கர் ஒருவர் நினைத்ததை அந்த ஜன்னலோரம் எழுதுவது சுலபமாக இருந்தது. ஆனாலும் அந்தக் காலத்து எண்ணங்களெல்லாம் எதற்கு, இன்று தெரிந்ததை மட்டும் சொன்னால் போதாதா என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்தவர். கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "முதல்ல இருந்து எழுதும். கடைசியில இருந்து துவங்கினால் சனத்துக்கு விளங்காது."

பெட்டி ஈயம்

ஈயத்தைப் பொன்னாக்க முயன்றவர்களைப் பற்றிக் கொஞ்சம் மயங்கித்தான் எழுதினேன். உலை எரிகிறது, குடுவையில் இருப்பது கருத்து, வெளுத்து, சிவக்கிறது, ஒருவன் தலை நரைக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் தோற்றுப்போனதை அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் படியேறி வந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரோ கட்டுரையை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே வைக்கும் ஈயத்தகட்டில் ஒரு துண்டை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். ஈயத்தைப் பொன்னாக்க யாராலும் முடியவில்லை, வரும் வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன் என்றேன். தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி முடிந்துகொண்டார். "அதை இந்த வாரமே எழுதியிருந்தா, நான் மலையிலேருந்து இறங்கியிருக்க மாட்டேன்ல, ஐயா?"

நெருப்புச் சாரம்

எரியும் பொருளுக்குள் ஒரு சாரம் இருக்கிறது, எரியும்போது அது வெளியேறிவிடுகிறது என்று அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். அதை ஒரு வாரம் எழுதினேன். அது பிழை, காற்றிலுள்ள பிராணவாயு பொருளோடு போய்ச் சேருவதுதான் எரிவது என்று ஒரு பிரெஞ்சுக்காரர் தராசு வைத்துக் காட்டியதை மறுவாரம் எழுதினேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர் காசிம் நானா. வியாழக்கிழமைதோறும் கடையில் கூடுபவர்களுக்கு எங்கள் பத்திரிகையை உரக்க வாசிப்பவரும் அவர்தான். வேலிச் சண்டையோ கல்யாணப் பேச்சோ, அவர் சொன்னால் முடிந்தது. நெருப்புச் சாரத்தை அவர் வாசித்ததோடு நிற்கவில்லை. சந்தேகப்பட்ட லொறிக்கார மாணிக்கத்தின் வாயையும் அடைத்திருக்கிறார். மறுவாரம் அதே குரலில் அது பிழை என்று வாசிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நானா எதைச் சொன்னாலும், வியாழன் வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம் என்கிறாராம் மாணிக்கம். வேலித் தகராறோடு வந்த இருவரும் அதையே சொல்லி எழுந்து போய்விட்டார்களாம். பஸ் ஏறி வந்து இதைச் சொன்னபோது நானாவின் முகத்தில் கோபம்கூட இல்லை. "நான் சொன்னா சனம் கேட்டிச்சு. இனி கேக்காது. அத யாரு தம்பி திருத்தி எழுதுற?"

தராசு

எனக்குத் தெரிந்த ஒரே பதில் அந்தப் பிரெஞ்சுக்காரருடையது. துருப்பிடிப்பதும் மெதுவாக எரிவதுதான், காற்று சேர்வதால் எடை கூடும், நிறுத்துப் பாருங்கள் என்றேன். அடுத்த வியாழன், பக்கத்துப் பட்டறையில் அரம் போட்டபோது உதிர்ந்த இரும்புத்தூளை, தட்டாரிடம் இரவல் வாங்கிய சிறு தராசில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தார் நானா. ஒரு பீங்கான் தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து, கடை முகப்பில் வைத்தார். துரு தின்ற இரும்பு இளைத்துத்தான் போகும் என்றார் மாணிக்கம். கடையே தலையாட்டியது. உண்மையைச் சொன்னால், நானும் அதைப் புத்தகத்தில் படித்தவன்தான், கண்ணால் கண்டதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. நான் போகும்போதெல்லாம் தூள் நிறம் மாறியிருந்தது: சாம்பல், பிறகு மண், பிறகு செம்மை. மகாவலி ஆற்றுப் பனி கடைக்குள் வந்து, தட்டின்மேல் கொஞ்சம் நின்று, வெளியே போகும். அது எதை விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது. குனிந்து பார்த்தவர்கள், தங்களை அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மழை விட்ட ஒரு வியாழன், நானா தூளைத் தணலில் ஈரம் போகக் காயவைத்து, கடைசிப் பொடிவரை வழித்துத் தராசில் இட்டார். மறு தட்டில் முதல் நாள் வைத்த அதே படிக்கற்கள். தூள் இருந்த தட்டு மெல்ல, யாரோ அமர்வதுபோல, கீழே இறங்கியது. மாணிக்கம்தான் எழுந்து, கதிரையை இழுத்துப் போட்டு நானாவை உட்காரவைத்து, பத்திரிகையைக் கையில் கொடுத்தார். பிறகு மூலையில் குவிந்திருந்த துருப்பிடித்த சாமான்களை ஒருமுறை பார்த்தார். "அப்ப நானா, இத்தனை காலமா காத்தையும் சேர்த்துத்தான் எங்களுக்கு நிறுத்துக் குடுத்தீங்களா?"

இரசாயனம் நூறாண்டில் திருத்திக்கொண்ட பிழையை நான் ஒரே வாரத்தில் திருத்தி எழுதிவிட்டேன். அதை நம்பவைக்கக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மழைக்காலம் பிடித்தது.