லேபிள் இல்லாத விதை

கோம்பைக்கு மேற்கே அக்காவுக்கு ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இருந்தது. அத்தான் இறந்த பிறகு அவள் ஒருத்தியாகவே வெள்ளாமை பார்த்தாள். எனக்கு வேளாண்மைத் துறையில் வேலை. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவள், பையிலிருந்து ஒரு வெள்ளைப் பாக்கெட்டை எடுத்து வைத்தாள். அதில் கம்பெனி பெயரும் இல்லை, லேபிளும் இல்லை.

"பருத்தி விதை. களைக்கொல்லி அடிச்சா களை மட்டுந்தான் சாகுமாம், செடிக்கு ஒண்ணும் ஆகாதாம்."

"வேணாங்க்கா. இதுக்கு அரசாங்கம் அனுமதி கொடுக்கல."

"போன வருசம் நீ வாங்கித் தந்த பருத்தியும் மரபணு மாத்துனதுதானே?"

"அது சோதிச்சு, அனுமதி வாங்கி வந்தது."

"அப்ப இது கெட்டதா?"

"கெட்டதுன்னு சொல்லலக்கா. சோதிச்சு முடிக்கலன்னுதான் சொல்றேன். மகரந்தம் பக்கத்து நிலத்துக்காரங்க பருத்திக்கும் போகும். நாளைக்கு ஏதாவது ஆனா யாரைப் போய்க் கேப்ப?"

"குனிஞ்சு களையெடுக்க எனக்கு முதுகு இல்ல தம்பி. களையெடுக்குற ஆளுகளும் மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போயிட்டாக" என்று பாக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். விதைக்க மாட்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் அவள் காட்டுக்குப் போனேன். வரிசைக்கு நடுவே களையெல்லாம் கருகிக் கிடக்க, பருத்தி மட்டும் பச்சையாக நின்றது. அக்கா சிரித்தாள். அத்தான் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்டிக்க மனம் வரவில்லை. அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன்.

செடி காய் பிடித்த சமயத்தில் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். ஆய்வுக்குழு போகவேண்டிய காடுகளின் பட்டியலில் அக்காவின் காடும் இருந்தது. என்னையே வழிகாட்டப் போகச் சொன்னார்கள். அது என் அக்கா காடு என்று சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தது. காய்ச்சல் என்று லீவு போட்டேன்.

நடந்ததை உடன் வேலை செய்பவர் பிறகு சொன்னார். இலையைக் கசக்கிச் சின்னக் குழாயில் போட்டு, சோதனைப் பட்டையை முக்கினார்களாம். கோடு விழுந்ததாம்; அனுமதியில்லாத விதைதான் என்று உறுதியாகிவிட்டது. செடிகளைப் பிடுங்கி எரிக்க உத்தரவு. "இந்தக் காயை மட்டும் எடுத்துக்கிறேன் சார்" என்று அக்கா கேட்டிருக்கிறாள். விதை பரவிவிடும், கூடாது என்றார்களாம். ஆட்கள் காட்டுக்குள் இறங்கியதும், "நீங்க யாரும் மிதிக்காதீக" என்று அவளே குனிந்து பிடுங்க ஆரம்பித்தாளாம்.

அன்று காலையில் இரண்டு முறை அவளிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் போனேன். இடுப்பில் எண்ணெய்த் துணி சுற்றிப் படுத்திருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

"பிடுங்குனதைத் தப்புன்னு சொல்லல" என்றாள். "நீ சொன்னதைத்தான் அவுகளும் சொன்னாக. ஆனா நீ வந்து அங்கன நின்னிருக்கலாம்ல?"

"காய்ச்சல்க்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தைக்குப் பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் "நல்லாயிருக்கேன்" என்பாள். பிறகு போனைப் பேத்தி கையில் கொடுத்துவிடுவாள்.

இந்தச் சித்திரையில் எங்கள் பக்கத்து வீரபாண்டி அம்மன் கோவில் திருவிழாவுக்கு வந்து தீச்சட்டி எடுத்திருக்கிறாள். கொழுந்தனார் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருக்கிறாள். அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.